காலண்டர் தாளின் பின்பக்கம்

தினசரி காலண்டரில் கிழித்த தாளை எங்கள் வீட்டில் யாரும் குப்பையில் போட மாட்டார்கள். முன்பக்கத்தில் தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி, திதி, நட்சத்திரம், ராகு காலம் எல்லாம் அச்சாகியிருக்கும். பின்பக்கம் வெள்ளை. அதில் நான் எங்கள் ஊரான கிள்ளையின் அன்றைய நிலவரத்தை எழுதிவைப்பேன். காற்று எந்தத் திசை, மழை எத்தனை மில்லிமீட்டர், ஓடையில் தண்ணீர் ஏற்றமா வற்றமா, புதிதாக வந்த பறவை எது, கிளம்பிப் போனது எது, எந்த மரம் பூத்தது என்று நாலு வரி. தாள்களைக் கம்பியில் கோத்து மாட்டிவைத்து, வருஷம் முடிந்ததும் நீள நோட்டில் பெயர்த்து எழுதிவிடுவேன்.

நான் தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். கிள்ளை, தைக்கால், முடசல் ஓடை, பிச்சாவரம் என்று சைக்கிளில் சுற்றிய பிழைப்பு. ஒரே பாதையில், தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் போகிறவனுக்கு மாறுதல் தானாகக் கண்ணில் படும். நேற்று வெறிச்சோடிக் கிடந்த சேற்றில் இன்றைக்கு உள்ளான் கூட்டம் நிற்கும். போன வாரம் மொட்டையாக இருந்த கொன்றையில் மஞ்சள் தெரியும். பறவை ஆராய்ச்சிக்காரர்கள் செய்வதும் இதுதான்: ஒரே தடம், ஒரே நேரம், திரும்பத் திரும்ப. அவர்களுக்கு அது ஆய்வு முறை. எனக்கு டியூட்டி.

கிள்ளை இந்த வேலைக்கு வாய்த்த ஊர். வடக்கே பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் சேர்கிறது. தெற்கே கொள்ளிடம். நடுவில் பிச்சாவரம் சதுப்பு நிலக் காடு. 2022இல் இந்தக் காட்டுக்கு ராம்சார் ஈரநிலம் என்ற சர்வதேச அங்கீகாரம் கிடைத்தது. சாலையில் நின்று மேற்கே பார்த்தால் சம்பா வயல். கிழக்கே பார்த்தால் சுரபுன்னை, கண்டல், தில்லை மரங்கள். அதற்கப்பால் மணல் திட்டு, அப்புறம் வங்கக் கடல். நல்ல தண்ணீர்ப் பறவை, உப்புத் தண்ணீர்ப் பறவை, கடற்பறவை மூன்றையும் ஒரு காலை நேரத்துக்குள் பார்த்துவிட்டுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம்.

காற்று திரும்பும் மாதம்

கடலோரத்தில் பருவத்தை முதலில் சொல்வது காற்று. வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து சோழகம், மேற்கிலிருந்து கச்சான். முடசல் ஓடையில் வலை சீர்பார்க்கிறவர்களுக்கு இந்த நான்கும் தண்ணீர்பட்ட பாடு.

வெயில் காலத்தில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடேறும். சூடேறிய காற்று மேலே போக, கடல்மேல் இருக்கும் குளிர்ந்த காற்று நடுப்பகல் வாக்கில் ஊருக்குள் வரும். ஆனி, ஆடியில் கச்சான் பலமாக அடித்தால் அது கடற்காற்றை வாசலிலேயே நிறுத்திவிடும். அன்றைக்குப் பிற்பகல் வரை அனல்தான். அதனால் அந்த மாதங்களில் என் தாளில் வெயில் எத்தனை டிகிரி என்பதைவிட, கடற்காற்று எத்தனை மணிக்கு வந்தது என்பதையே குறித்துக்கொள்வேன். தென்னங்கீற்று திரும்பும் திசையைப் பார்த்தால் போதும், கருவி எதுவும் வேண்டாம்.

புரட்டாசிக் கடைசியில் கச்சான் தளரும். ஐப்பசியில் கொண்டலும் வாடையும் மாறிமாறி வீசத் தொடங்கும். இந்திய வானிலை ஆய்வுத் துறை வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சராசரித் தேதியாக அக்டோபர் 20ஐ ஒட்டிச் சொல்கிறது. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி, 48 சதவீதம், இந்த அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான பருவத்தில்தான் கிடைக்கிறது. கடலோர மாவட்டங்களில் இந்தப் பங்கு 60 சதவீதத்தைத் தொடும். ஐப்பசியும் கார்த்திகையும் பொய்த்தால் எங்களுக்கு வருஷமே பொய்த்த மாதிரி.

இந்த நாட்களில்தான் வயல்வெளியிலும் மணல் திட்டிலும் மஞ்சள் நிறத் தட்டான்கள் கூட்டம் கூட்டமாகப் பறக்கும். ‘தட்டான் தாழப் பறந்தால் மழை’ என்று பழமொழி இருக்கிறது. அந்தத் தட்டானின் கதை பழமொழியைவிடப் பெரியது. மாலத்தீவில் இருந்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற கடல் உயிரியலாளர், நல்ல தண்ணீர்க் குளம் குட்டை அநேகமாக இல்லாத அந்தத் தீவுகளுக்கு ஆண்டுதோறும் அக்டோபரில் தட்டான்கள் வந்து இறங்குவதைக் கவனித்துத் தேதி தேதியாகக் குறித்துவந்தார். இந்தியாவிலிருந்து கிளம்பி, பருவக்காற்றில் ஏறி, மாலத்தீவு வழியாக அவை கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகின்றன என்று 2009இல் எழுதினார். மழைத் தண்ணீர் தேங்கிய தற்காலிகக் குட்டைகளில் முட்டையிட்டு, சுமார் ஆறு வாரத்தில் அடுத்த தலைமுறையை உண்டாக்கும் பூச்சி அது. மழையைத் துரத்திக்கொண்டு போவதுதான் அதன் பிழைப்பு. அந்தப் பெரிய கண்டுபிடிப்புக்கும் முதலீடு ஒரு மனிதர் எழுதிவைத்த தேதிகள்.

ஈசல் பறந்தால் மழை வரும் என்றும் பழமொழி சொல்வார்கள். ஈசல் பறப்பதற்கு ஒரு காரணம் உண்டு. முதல் நல்ல மழையில் மண் இளகினால்தான் இறக்கை முளைத்த கறையான் புற்றைத் துளைத்து வெளியே வர முடியும், சோடி சேர்ந்தவை ஈர மண்ணில் புதுக் குழி தோண்ட முடியும். ஆகவே ஈசல் வரப்போகும் மழையைவிடப் பெய்த மழையைத்தான் உறுதியாகச் சொல்கிறது. பழமொழி பொய் என்று நான் சொல்லவில்லை. ஈசல் பறந்த நாளையும் அதற்கு முன்பின் பெய்த மழையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், எந்தப் பழமொழி நம் ஊருக்குப் பொருந்துகிறது என்று நாமே சொல்லிவிடலாம்.

ஒரு பாட்டில் மழை

மழையை அளக்கப் பெரிய செலவு இல்லை. வாயும் அடியும் ஒரே அகலமுள்ள, அடி தட்டையான ஒரு பாத்திரமோ பாட்டிலோ போதும். மரத்தடி, கூரை ஓரம் தவிர்த்துத் திறந்த வெளியில் வைத்து, தினமும் காலை 8.30 மணிக்குத் தண்ணீரின் உயரத்தை ஸ்கேலால் அளக்க வேண்டும். 8.30க்கு ஒரு காரணம் இருக்கிறது. அது கிரீன்விச் நேரப்படி அதிகாலை 3 மணி. இந்தியா முழுக்க வானிலை நிலையங்கள் அந்த நேரத்தில்தான் மழைமானியைப் பார்க்கின்றன. நாமும் அதே நேரத்தில் அளந்தால், பேப்பரில் வருகிற பரங்கிப்பேட்டை, அண்ணாமலை நகர், சேத்தியாத்தோப்புக் கணக்கோடு நம் கணக்கை ஒப்பிடலாம். ஒரு ஊரில் கொட்டிய மழை பத்து மைல் தள்ளித் தூறலாக முடிந்ததை அப்போதுதான் பார்ப்பீர்கள்.

ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். புரெவி புயலின்போது, 2020 டிசம்பர் 4 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் சிதம்பரத்தில் 34 செ.மீ., கொள்ளிடத்தில் 36 செ.மீ. பதிவானது. 34 செ.மீ. என்பது ஒரு ஏக்கரில் ஏறத்தாழ 13¾ லட்சம் லிட்டர். வாய்க்கால் எத்தனை ஆழம் தூர்வாரியிருந்தாலும் ஒரே நாளில் அத்தனையையும் வடிப்பது லேசான காரியமில்லை. எங்கள் பக்கம் கடைமடை. மேற்கே வீராணம் ஏரியும் வாய்க்கால்களும் நிரம்பி வழிந்தால் வெள்ளம் கடைசியாக வந்து நிற்கும் இடம் இது. அந்த நேரத்தில் கடலில் ஏற்றம் இருந்தால் வெள்ளம் வடியாது. வற்றம் வந்தால்தான் வழி. மழைக் கணக்கும் ஓதக் கணக்கும் ஒரே தாளில் இருக்க வேண்டியதற்கு இதுதான் காரணம்.

‘கார்த்திகைக்குப் பிறகு மழையில்லை’ என்று சொல்லிச் சமாதானம் ஆகிறவர்களுக்கு என்னிடம் ஒரு தாள் இருக்கிறது. ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30 காலையில், மார்கழி நடுவில். பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் ஒரே நாளில் சாய்ந்தன.

மழை வெள்ளத்தோடு வரும் இன்னொரு ஜீவன் முதலை. பழைய கொள்ளிடத்தில் வாழும் நன்னீர் முதலைகள் வெள்ள நாட்களில் சிதம்பரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களின் வாய்க்காலுக்கும் குளத்துக்கும் வந்துவிடும். வனத்துறையினர் பிடித்து வக்காரமாரி ஏரியில் விடுவார்கள். எந்த மாதம், எந்த வாய்க்கால் என்பதை அந்தந்த ஊர்க்காரர்கள் எழுதிவைத்தால், துணி துவைக்கப் போகிறவர்களுக்கும் மாடு கழுவப் போகிறவர்களுக்கும் முன்கூட்டியே எச்சரிக்கை சொல்ல முடியும்.

அமாவாசையும் இறாலும்

காலண்டர் தாளில் எனக்கு ரொம்ப உதவும் சொல் அமாவாசை. சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுக்கும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏற்றமும் வற்றமும் பெரிதாக இருக்கும். இரண்டும் குறுக்காக நிற்கும் அஷ்டமியை ஒட்டிச் சிறிதாக இருக்கும். ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப் போகும். பிச்சாவரத்தில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் அந்த ஒரு மீட்டருக்குள்தான் காடு, மீன், பறவை, மனிதர் எல்லோருடைய சாப்பாடும் அடங்கியிருக்கிறது.

இதை எனக்கு நன்றாகப் புரியவைத்தவர்கள் கிள்ளையின் இருளர் குடும்பங்கள். வற்றத்தில் ஓடைக்குள் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவித் தடவி இறாலையும் நண்டையும் பிடிப்பார்கள். பனை ஓலைப் பறியின் கயிறு பல்லுக்கிடையில் இருக்கும். கை காலியாக இருந்தால்தானே பிடிக்க முடியும்? விரல் பட்டதும் இறால் பின்னோக்கித் துள்ளும். அது துள்ளுகிற இடத்தில் அடுத்த கை முன்பே காத்திருக்கும். நொடியில் பறிக்குள் போய்விடும். பார்க்கிற நமக்குச் சேறு கலங்கியது மட்டும்தான் தெரியும். ஒருநாள் விடிந்தும் விடியாத நேரத்தில் ஒரு மூதாட்டி ஓடையில் இறங்கிக்கொண்டிருந்தார்.

“என்னா ஆயா, இன்னிக்கு நேரத்திலயே எறங்கிட்டீங்க?”

“நேத்து அமாவாசைல்ல, தபாலு சாரு. தண்ணி நல்லா வத்தும். அட்டமி வந்துட்டா தண்ணி மந்தம். கையி சும்மாதான் திரும்பும்.”

இறால் கடலில் முட்டையிடும். குஞ்சு ஏற்றத்தோடு முகத்துவாரம் வழியாகக் காயலுக்குள் வந்து, அலையாத்தி வேர்களுக்கிடையே வளர்ந்து, பிறகு கடலுக்குத் திரும்பும். ஆகவே முகத்துவாரம் திறந்திருப்பது முக்கியம். கோடையில் மணல் சேர்ந்து வாய் குறுகும், காயல் உப்பேறும். ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் மணலை அறுத்துக்கொண்டு போய் வாயை அகலத் திறக்கும். தண்ணீர் சில வாரங்களுக்கு ஏறக்குறைய நல்ல தண்ணீராகவே ஆகிவிடும். வாய் குறுகிய தேதியும் திறந்த தேதியும் என் நோட்டில் தனிப் பக்கம். மீன்பாடு எப்படி இருக்கும் என்று யூகிக்க அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவேன்.

சுரபுன்னையும் இதே கணக்கைத்தான் நம்பி வாழ்கிறது. அதன் விதை மரத்தில் இருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டு தொங்கும். மழைக் காலத்தில் உதிர்ந்து, தண்ணீரில் மிதந்து, சேறு தட்டிய இடத்தில் வேர் விடும். காடு ஒரு காலத்தில் வெட்டப்பட்ட இடங்களில் தரை காய்ந்து அமிழ்ந்து, பள்ளத்தில் தேங்கிய கடல்நீர் வெயிலில் வற்றி, உப்பு மிகுந்து எதுவும் முளைக்காமல் போனது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி ஏற்ற வற்றத் தண்ணீரை உள்ளே விட்டார்கள். உப்பு குறைந்தது, கன்று பிடித்தது. இன்று படகில் போகிறவர்கள் பார்க்கும் பச்சையில் ஒரு பங்கு அந்த வாய்க்கால்களால் வந்தது.

விருந்தாளிகள்

வலசைப் பறவைகளில் முதலில் வருபவை உள்ளான்கள். மழைக்குக் காத்திராமல் ஆவணியிலேயே சில தென்படும். கொசு உள்ளான் என்ற பொடிப் பறவையின் எடை முப்பது கிராமுக்குச் சற்று முன்பின். ஆர்க்டிக் ஓரத்துத் தூந்திர வெளியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, நம் சேற்றுக்கு வந்து குளிர்காலத்தைக் கழிக்கிறது. இவற்றைப் பார்க்க வற்றத்தில் போக வேண்டும். சேறு திறந்தால்தான் புழுவும் பூச்சியும் கிடைக்கும். ஏற்றத்தில் போய்விட்டு “பறவையே இல்லை” என்று திரும்பும் சுற்றுலாக்காரர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஐப்பசியில் நான் காத்திருப்பது ஆறுமணிக் குருவிக்கு. வட இந்தியக் காடுகளில் இனம் பெருக்கிவிட்டுத் தெற்கே வரும் பறவை. வீட்டுக் கொல்லையில் மூங்கில் புதருக்கடியில் சருகைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது நெருக்கத்தில் பார்த்திருக்கிறேன். பச்சை முதுகு, கண்ணை மறைக்கும் கறுப்புப் பட்டை, வெள்ளைத் தொண்டை, இறக்கையில் ஒரு கீற்று நீலம், வாலுக்கடியில் இரத்தச் சிவப்பு. வாலோ இருக்கிறதா இல்லையா என்கிற அளவு குட்டை. விடியலிலும் அந்தியிலும் நிமிர்ந்து நின்று, தலையைப் பின்னால் சாய்த்து, இரண்டு சுரத்தில் விசிலடிக்கும். பயணக் களைப்பில் வீட்டுக்குள் வந்து விழுந்துவிட்டால் பிடித்துக் கூண்டில் போடக் கூடாது. நிழலான இடத்தில், காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் வைத்துப் பூனை அண்டாமல் பார்த்துக்கொண்டால், தெளிந்ததும் பறந்துவிடும்.

சம்பா வயலில் நத்தைகுத்தி நாரைகள் வரிசையாக நடக்கும். மூடினாலும் நடுவில் இடைவெளி விடும் அந்த அலகு, நத்தையை ஓட்டிலிருந்து பிரித்தெடுப்பதற்கு வாய்த்தது. வயலில் நாரை நின்றால் பயிர் பாழ் என்று விரட்டுகிறவர்கள் உண்டு. அது தின்பது நெல்லை இல்லை, நத்தையை.

மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி தீர்த்தவாரிக்குக் கிள்ளைக் கடற்கரைக்கு வருவார். தைக்காலில் இஸ்லாமியர்கள் வரவேற்று மரியாதை செய்வது இன்றும் தொடரும் வழக்கம். அது பௌர்ணமியை ஒட்டிய நாள், கடல் ஏற்றமும் பெரிதாக இருக்கும். அதே மாசி, பங்குனி இரவுகளில்தான் பங்குனி ஆமைகள் மணலேறி, நூறை ஒட்டிய எண்ணிக்கையில் முட்டையிட்டு மூடிவிட்டுப் போகும். ஏழெட்டு வாரத்தில் குஞ்சு பொரிக்கும். சென்னையில் மாணவர்களின் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1988 முதல் ஒவ்வொரு சீசனிலும் இரவில் கரை நெடுக நடந்து முட்டைக் குழிகளையும் செத்து ஒதுங்கிய ஆமைகளையும் எண்ணி வருகிறார்கள். 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியபோது, இது வழக்கத்துக்கு மாறானது என்று உடனே சொல்ல முடிந்ததற்கு அந்த நெடுங்காலக் கணக்கு துணைநின்றது.

சித்திரையில் கிளம்பும் முன் சில உள்ளான்களுக்கு நிறம் மாறும். குளிர்காலம் முழுக்கச் சாம்பலாக இருந்த, அலகு கீழ்நோக்கி வளைந்த ஒருவகை, மார்பில் செங்கல் சிவப்பு ஏறிய பிறகு வடக்கே போகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம். கரையில் வரிசையாகப் படகுகள், சேற்றில் ஒன்றிரண்டு உள்ளான். அதோடு ஒரு சுற்று முடிந்தது.

எழுதி என்ன ஆகப்போகிறது?

வீட்டிலேயே பலதடவை கேட்ட கேள்வி இது. பதிலுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஜப்பானின் கியோத்தோ நகரில் அரசவைக்காரர்களும் துறவிகளும் செர்ரிப் பூ விருந்து நடந்த தேதியைத் தங்கள் நாட்குறிப்பில் எழுதிவைத்தார்கள். அந்தக் குறிப்புகள் ஒன்பதாம் நூற்றாண்டு வரை பின்னோக்கிப் போகின்றன. 2021இல் மார்ச் 26 அன்று பூ உச்சத்துக்கு வந்தபோது, 1,200 ஆண்டுகளில் இவ்வளவு சீக்கிரம் பூத்ததில்லை என்று விஞ்ஞானிகள் சொன்னது அந்த விருந்துக் குறிப்புகளை வைத்துத்தான். எழுதியவர்கள் யாருக்கும் பருவநிலை மாற்றம் என்ற சொல்லே தெரியாது.

இன்னொரு உதாரணம் எங்கள் மாவட்டமே. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, கடலூர் மாவட்டக் கரையில் மரம் அடர்ந்த இடங்களுக்குப் பின்னால் சேதம் குறைவு என்று 2005இல் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் கட்டுரை வந்தது. எங்கே மரம் இருந்தது என்ற முந்தைய பதிவு கையில் இருந்ததால்தான் பிந்தைய சேதத்தோடு ஒப்பிட முடிந்தது. முன்பு என்ன இருந்தது என்று தெரியாத ஊர், என்ன இழந்தது என்றும் சொல்ல முடியாது.

“அந்தக் காலத்தில் ஐப்பசி மழைன்னா ஐப்பசி மழைதான்” என்று திண்ணையில் பேசுவது சுகம். அதை வைத்து அதிகாரியிடமோ விஞ்ஞானியிடமோ எதையும் நிரூபிக்க முடியாது. தேதி போட்ட நோட்டு இருந்தால் முடியும். ஒரு வருஷக் குறிப்பை வைத்து மட்டும் பருவம் மாறிவிட்டது என்று கூச்சல் போடவும் கூடாது. ஒரு வருஷம் முன்பின்னாகத்தான் இருக்கும். பல வருஷங்களை அடுக்கிப் பார்த்தால்தான் போக்கு தெரியும்.

தொடங்க நினைக்கிறவர்களுக்கு வழி நிறையவே இருக்கிறது. பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் யார் வேண்டுமானாலும் சேரலாம். குறைந்தது 15 நிமிஷம் ஓர் இடத்தில் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி ‘ஈபேர்டு’ தளத்தில் பதிய வேண்டும். மரம் பூப்பதையும் காய்ப்பதையும் வாரம் ஒருமுறை பதிய ‘சீசன்வாட்ச்’ திட்டம் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளும் அதில் பங்கெடுக்கிறார்கள். செல்போன் பழக்கமில்லாதவர்களுக்கு நோட்டும் பேனாவும் போதும்.

எல்லாவற்றையும் எழுத ஆசைப்படாதீர்கள், ஒரு மாதத்தில் அலுத்துவிடும். ஒரு மரம், ஒரு நீர்நிலை, ஒரு மழை பாட்டில், இந்த மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், இடம் மூன்றும் விடாமல் எழுதுங்கள். பெயர் தெரியாத பறவைக்கு நிறத்தையும் அலகையும் எழுதினால் போதும், பெயரைப் பிறகு கண்டுபிடிக்கலாம். மழை பெய்யாத நாளில் இடத்தைக் காலியாக விட்டுவிடாமல் ‘0’ என்று எழுதுங்கள். அளந்து பார்த்து மழை இல்லாததற்கும் அளக்கவே மறந்ததற்கும் வித்தியாசம் அந்தப் பூஜ்ஜியம்தான்.